சாரல் ஊருக்கெல்லாம், ஓய்வு யாருக்கு?

ஆனி மாதம் பிறந்து மேற்கு மலையில் மேகம் கூடிவிட்டால் போதும், தென்காசிச் சாலையெல்லாம் வண்டிமயம்! எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள், பேரருவியில் நிற்கிறார்கள், ஐந்தருவிக்கு நடக்கிறார்கள். உடம்பு வலி தீர்ந்தது, மனத்தின் பாரம் இறங்கியது என்று சொல்லி ஊர் திரும்புகிறார்கள். வரட்டும், குளிக்கட்டும்! உழைத்துக் களைத்தவன் நான்கு நாள் இளைப்பாறுவதில் தவறென்ன?

நாம் கேட்பது வேறு. வந்தவர்கள் படுத்தெழுந்த விரிப்பை அலசிப் பிழிகிறவள் யார்? விடுதி அறையைக் கூட்டி, கழிப்பறையைக் கழுவி, சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் அண்டா துலக்குகிறவள் யார்? அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை இருந்தால், அவளுக்கு இளைப்பாறுதல் எங்கே கிடைக்கும்? குற்றாலத்தை விட்டுக் கொஞ்சம் கிழக்கேயும் வடக்கேயும் போவோம். கடையநல்லூர், புளியங்குடி, ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் வாசலிலும் திண்ணையிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளும் உண்டு. மாதம் ஏற ஏறச் சுளகு மடியில் நிற்பதில்லை. முழங்காலுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கூலி. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதற்காக ஆயிரம் எண்ணூறாகக் குறைந்துவிடுமா?

இந்தப் பெண்ணைப் பார்த்துப் படித்தவர்கள் சொல்லும் யோசனை என்ன? "மனத்தை மகிழ்ச்சியாக வைத்துக்கொள். நன்றாகச் சாப்பிடு. நன்றாக ஓய்வெடு." பொன்னான யோசனைதான். ஆனால் மகிழ்ச்சியைக் கடையில் நிறுத்தா விற்கிறார்கள்? ஓய்வெடு என்றால் அன்றையக் கூலிக்கு யார் பொறுப்பு?

பேறுகாலத்துப் பெண்ணின் மனநலம் என்பது அவள் ஒருத்தி தனக்குத் தானே தேடிக்கொள்ளும் பொருளன்று. அது கூலி, ஓய்வு, துணை என்ற மூன்றும் சேர்ந்து உண்டாவது. இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன. கணவன் கையில், சங்கத்தின் கையில், அரசின் கையில்.

பணக்கார வீட்டு நோயா?

"மனக்கலக்கமா? அதெல்லாம் வேலையில்லாத வீட்டுச் சீமாட்டிகளுக்கு வருவது. பாட்டாளிக்கு ஏது அதற்கு நேரம்?" என்று நம் தோழர்களே சிலர் நினைக்கக்கூடும். கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்கும் மனநோய் காண்கிறது. அதில் பெரும்பாலும் மனச்சோர்வு. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதே கணக்கு 10, 13 என்று இறங்குகிறது. அதாவது வறுமை உள்ள இடத்தில்தான் இந்த நோய் அதிகம். சீமாட்டி நோய் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்வோம். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கருவுற்ற கடைசி மாதங்களிலும், பிள்ளை பெற்ற சில வாரங்களிலும் மருத்துவர்கள் சந்தித்துப் பேசினார்கள். 2002ஆம் ஆண்டு முடிவு வெளியானது. பிள்ளை பெற்ற பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். ஏன் ஆளானார்கள்? குறைந்த வருமானம். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல். கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்பங்கள். கடைசியாக ஒன்று: வேலைக்குக் கைகொடுத்து உதவ ஆளில்லாமை.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள் தோழர்களே! இதில் மாத்திரையால் மட்டும் தீருவது எது? தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியது எது? ஒன்றுமில்லை. மனிதர்கள் செய்து வைத்தது, மனிதர்களே மாற்றக்கூடியது.

பெண் பிள்ளை பிறந்ததற்குத் தாயைக் கரித்துக்கொட்டும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையின் வித்து. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடம் இது. அப்படியிருக்க, பெற்றவளை ஏசுவது அறியாமை மட்டுமன்று, கொடுமை. அந்த ஏச்சே அவளை நோயாளியாக்குகிறது என்பதுதான் வேலூர் ஆராய்ச்சி கூறும் உண்மை.

தாய்வீடு என்ற பழைய ஏற்பாடு

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, கலவைச் சோறு ஆக்கிப் போட்டு, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களே, அது என்ன? சடங்கை ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள். புகுந்த வீட்டு வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை. பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியம். பத்துப் பெண்கள் கூடி, "நாங்கள் இருக்கிறோம், பயப்படாதே" என்று சொல்லும் ஏற்பாடு. இப்போது அங்கன்வாடிகளின் வழியாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. சாதி பார்க்காமல் எல்லாத் தாய்மார்களையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கும் அந்த விழாவை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் தாய்வீடும் பீடி சுற்றும் வீடாக இருந்தால் என்ன ஆகும்? மகள் வந்து உட்கார்ந்த மறுநாளே அவள் கைக்கும் ஒரு கத்தரி வந்துவிடுகிறது. பெற்றவளுக்கு மனமில்லாமல் இல்லை, கையில் காசில்லை. வளையல் ஒருநாள் குலுங்கும்; வறுமை அன்றாடம் குலுக்கும். ஆகவேதான் சடங்கோடு நிற்காமல் சட்டத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் உண்டு, ஏட்டில் இல்லை

பிள்ளை பெறும் தொழிலாளிக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும் என்பது நேற்று முளைத்த கோரிக்கையன்று. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு அதை உடன்படிக்கையாகவே எழுதியது. 1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் வாதாடினார். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. நாடு முழுவதற்குமான மகப்பேறு உதவிச் சட்டம் 1961இல் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது.

"இதெல்லாம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும்தானே? வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கு என்ன?" என்று கேட்கலாம். 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அதற்கு நேராகவே விடை சொன்னது. வீட்டில் வேலை செய்பவளும் தொழிலாளிதான். மகப்பேறு உதவிச் சட்டம் அவளுக்கும் பொருந்தும் என்று எழுதி வைத்தது. முதலாளிகள் வழக்காடிப் பார்த்தார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பிறகு ஏன் நம் தெருப் பெண்ணுக்கு அது கிட்டவில்லை? உரிமை பெற வேண்டுமானால் பன்னிரண்டு மாதத்தில் 80 நாளாவது வேலை செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் எங்கே? ஒரு பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர். அதில் ஏறுவது மாமியார், மருமகள், நாத்தனார் மூன்று பேர் சுற்றிய பீடி. இலையும் தூளும் கொடுப்பது இடையிலே நிற்கும் ஏஜண்டு. கம்பெனியைக் கேட்டால் ஏஜண்டைக் கை காட்டும். ஏஜண்டைக் கேட்டால் அவன் கையை விரிப்பான். உழைப்பு இருக்கிறது, உழைத்தவள் இருக்கிறாள். ஏட்டில் மட்டும் அவள் இல்லை!

குற்றாலத்துச் சீசன் வேலைக்காரியின் கதையும் இதுவே. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை, விடுதி என்றால் சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. மூன்று மாதச் சீசனில் இன்று ஒரு விடுதி, நாளை ஒரு கடை என்று மாறுகிறவளுக்கு எந்த ஏட்டில் பெயர் இருக்கப்போகிறது?

இப்போது இன்னொரு சூழ்நிலையும் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளில் அடக்கி மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. 26 வார விடுப்பு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில், "வீட்டில் சுற்றுகிறவளுக்கும் உண்டு" என்று பளிச்சென்று எழுதியிருந்தார்களே, அந்த உறுதி புதிய விதிகளிலும் மயக்கத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டிய இடம் இது.

அரசு தரும் உதவியையும் எண்ணிப் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி 2006இல் 6,000 ஆகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் சத்துணவுப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ஆகவும் உயர்ந்தது. இந்தியாவுக்கே வழிகாட்டிய திட்டம்; மறுப்பதற்கில்லை. ஆனாலும் 18,000 ரூபாயைக் கருவுற்ற பத்து மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 60 ரூபாய்தான் வருகிறது. அதுவும் தவணை தவணையாக வருகிறது. வயிறு தவணையில் பசிப்பதில்லை. உரிய மாதத்தில் உரிய தவணை கைக்கு வர வேண்டும் என்பது சலுகை கேட்பதன்று. திட்டத்தின் நோக்கமே அதுதான்.

மடியில் புகையிலை, வயிற்றில் பிள்ளை

உடம்பைப் பேணும் பழக்கங்களைப் பற்றியும் நேராகப் பேசுவோம். பீடித் தூளில் உள்ள நிக்கோட்டின் விரல் தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலில் ஏறுகிறது. புகைக்காதவளுக்கும் புகையிலையின் நஞ்சு ஏறுகிறது என்றால் இதுவே. ஆகவே பிள்ளைத்தாய்ச்சியைத் தூளிலிருந்து முடிந்தவரை விலக்கி வைக்க வேண்டும். முடியாத வீட்டில், காற்றோட்டமான இடத்தில் உட்காரட்டும். படுக்கும் அறையில் தூளை வைக்க வேண்டாம். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவட்டும். கழுவாத கையால் சாப்பிட வேண்டாம். ஒரே இருப்பாகக் குனிந்து உட்காராமல் அடிக்கடி எழுந்து நடக்கட்டும்.

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தச் சோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தேநீரோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரையும் முட்டையும் நிலக்கடலையும் பயறும் எட்டாத பொருள்கள் அல்ல. வீட்டில் எல்லாரும் உண்டு முடித்தபின் பானையின் அடியில் மிஞ்சியதை அவள் உண்பது என்ற வழக்கம்தான் எட்டாமல் செய்கிறது. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவள் கடைசிப் பந்தியிலா?

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். நீங்கள் வீட்டுக்குள் ஊதும் பீடியின் புகை அவள் மூச்சில் போய்ப் பிள்ளையைத் தொடுகிறது. நீங்கள் குடித்துவிட்டு வரும் இரவில் அவளுக்கு உறக்கமில்லை. சத்துமாவு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியைப் பறித்துக்கொண்டால் என்ன பயன்?

பேயுமில்லை, பிசாசுமில்லை

பிள்ளை பெற்ற சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கு உண்டு. அன்பாகப் பேசி, தூங்கவிட்டால் ஓரிரு வாரத்தில் தானே தெளியும். இரண்டு வாரம் கடந்தும் உற்சாகமில்லை, எதிலும் நாட்டமில்லை, உறக்கமில்லை, பிள்ளையைத் தூக்க மனமில்லை, செத்துப்போகலாமா என்ற நினைப்பு வருகிறது என்றால், அது நோய். சாகலாமா என்ற நினைப்பு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதுமில்லை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு இன்னும் கடுமையாக, தொடர்பில்லாத பேச்சும் வெறித்த பார்வையுமாக வரும். அதைக் காற்று, கருப்பு என்று சொல்லிப் பூசாரியின் வேப்பிலைக்கும், தலையில் அருவி நீர் விழுந்தால் தெளியும் என்ற நம்பிக்கைக்கும் விட்டுவிட்டால், தாயும் சேயும் ஆபத்தில் விழுவார்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். குணமாகக் கூடிய நோய் இது. அருவி உடம்பைக் குளிர்விக்கும், மருத்துவம் செய்யாது.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கத்து அரசோடு இருந்த ஊர்தானே! கேரளத்தில் மகப்பேற்று மருத்துவர்கள் தாய் இறப்புகளை 2004 முதல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, தற்கொலையும் காரணங்களில் ஒன்றாக நிற்பதைக் கண்டார்கள். கேரள அரசு 2019இல் 'அம்ம மனசு' என்ற திட்டத்தைத் தொடங்கி, பேறுகாலப் பெண்களின் மனநலத்தைக் கேட்டறியும் வேலையைச் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைத்தது. பிரசவத்தில் இரத்தப்போக்கை அடக்கக் கற்றுக்கொண்டோம். மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ முழுமையாகிவிட்டது. இனி கவனிக்க வேண்டியது, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காத வலியை.

இதற்குப் பெரிய மருத்துவர் ஊருக்கு ஊர் வேண்டுமோ? வேண்டாம் என்பதைப் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்கள் காட்டின. மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற கிராமப் பெண் சுகாதார ஊழியர்கள் போய் முறையாகப் பேசிவந்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் சோர்வு நீங்காதவர்கள் நூற்றுக்கு 23 பேர். அந்தப் பேச்சுமுறை இல்லாத ஊர்களிலோ 53 பேர். 2008இல் வெளியான முடிவு இது. நம் கிராம சுகாதாரச் செவிலியரால் இதைச் செய்ய முடியாதா? முடியும். ஏற்கெனவே சுமக்கும் பதிவேடுகளைக் குறைத்து, பயிற்சியையும் நேரத்தையும் கொடுத்தால் முடியும். 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி, இந்த வேலையில் முதல் மாவட்டமாக முன் நிற்கட்டுமே!

நம் வேலை என்ன?

அரசு செய்யட்டும் என்று கை கட்டி நிற்பது தொண்டனுக்கு அழகன்று. ஒவ்வொரு கிளையும் இன்றே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு.

தெருவில் பேறுகாலப் பெண்கள் யார் யார் என்று பாருங்கள். அரசின் மகப்பேறு உதவிக்குப் பதிவு செய்தார்களா, தவணை வந்ததா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் மனு எழுத, படிப்பகத்தில் ஒரு தோழர் மாலையில் உட்காரட்டும்.

பீடிச் சங்கத் தோழர்கள், சுற்றுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரில் பாஸ் புத்தகமும் அடையாள அட்டையும் வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள். கூலி உயர்வு கேட்கும் அதே குரலில் கேளுங்கள். குற்றாலத்துச் சீசன் தொழிலாளர்களைச் சேர்க்கும்போது பெண்களை விட்டுவிடாதீர்கள்.

மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை உண்டு. அன்று அரைநாள் கூலி போனாலும் போகட்டும் என்று கணவன் கூடப் போக வேண்டும். குழாயடிக்குக் குடத்தை அவன் எடுத்துப் போகட்டும். "பொண்டாட்டிக்குத் தண்ணீர் சுமக்கிறான்" என்று தேநீர்க் கடையில் எவனாவது சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வது கட்சிக்காரனின் வேலை. மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டில் சொம்பை நீட்டுகிறவன், கொள்கையைத் துண்டாகத் தோளில் போட்டிருக்கிறானே தவிர நெஞ்சில் வைத்திருக்கவில்லை.

"எப்படி இருக்கிறாய்?" என்று அவளிடம் கேளுங்கள், பதிலை முழுவதும் கேளுங்கள். சோர்வு மிகுந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 2022 முதல் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி அது. தயங்க வேண்டாம், காய்ச்சலுக்கு மருத்துவரைக் கேட்பதில் வெட்கமில்லை என்றால் இதற்கும் இல்லை.

எட்டு மணி நேர வேலை கேட்டபோது சிரித்தார்கள். வார விடுமுறை கேட்டபோது சோம்பேறிகள் என்றார்கள். இரண்டும் கிடைத்தன, கேட்டதால். பாட்டாளியின் பிள்ளை பிறக்கும் முன்பே களைத்துப் பிறக்கக்கூடாது என்று இப்போது கேட்கிறோம். அதற்கு முதற்படி, அந்தப் பிள்ளையைச் சுமக்கிறவளின் பெயர் ஏட்டில் ஏறுவது. இரண்டாம் படி, அவள் கையிலிருக்கும் குடம் நம் கைக்கு மாறுவது. முதற்படிக்கு அரசோடும் முதலாளியோடும் போராட வேண்டும். இரண்டாவதற்கு யாரோடும் போராட வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனாலே போதும்.